கன்சாஸில் கால் செக்‌ஷன் நிலம்: கவுண்டி ஆபீஸில் மானியம் கேட்கும் வழி

டாலஸிலிருந்தோ சிகாகோவிலிருந்தோ அவ்வப்போது ஒரு போன் வரும். "அண்ணா, உங்க ஊர்ப் பக்கம் கொஞ்சம் நிலம் வாங்கலாம்னு பார்க்கறோம். விவசாய நிலம் இருந்தா கவர்ன்மென்ட் வருஷா வருஷம் பணம் தருதாமே?" தரும். ஆனால் யாருக்கு, எதற்கு, எந்தத் தேதிக்குள் கேட்டால் என்பதை ஒவ்வொரு முறையும் போனில் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதி வைக்கிறேன்.

நான் பரம்பரை விவசாயி இல்லை. என் மனைவி மேற்குக் கன்சாஸில் ஒரு சின்ன ஊரில் டாக்டர். அவள் வேலைக்காக வந்தோம், தங்கிவிட்டோம். 2017 இலையுதிர் காலத்தில் ஊருக்கு வெளியே ஒரு குவார்ட்டர், அதாவது 160 ஏக்கர் வாங்கினோம். இந்தப் பக்கம் நிலத்தை ஒரு மைலுக்கு ஒரு மைல் கட்டமாக வெட்டியிருக்கிறார்கள். ஒரு கட்டம் 640 ஏக்கர், அதுதான் செக்‌ஷன். அதில் கால் பங்குக்குக் குவார்ட்டர் என்று பெயர். எங்களுடையதில் 118 ஏக்கர் உழவு நிலம், 36 ஏக்கர் புல், மீதி ஆறு ஏக்கர் பாதையும் பழைய தொழுவமும். பயிர் வைப்பவர் பக்கத்து நிலத்துக்காரர், எழுபது வயதைத் தாண்டிய பெரியவர். இந்தக் கட்டுரையில் உருப்படியாக இருப்பதில் பாதி அவர் சொல்லிக் கொடுத்தது. மீதிப் பாதி நான் கெடுத்துக்கொண்டு கற்றது.

முதலில் ஆபீஸ். அமெரிக்க வேளாண் துறையின் கீழ் ஃபார்ம் சர்வீஸ் ஏஜென்சி என்று ஒன்று இருக்கிறது. எல்லோரும் எஃப்எஸ்ஏ என்பார்கள். நாடு முழுக்க 2,000க்கும் மேற்பட்ட கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) அலுவலகங்கள் இதற்கு உண்டு. கன்சாஸில் மட்டும் 105 கவுண்டிகள். சில இடங்களில் ஒரே கட்டடம் இரண்டு மூன்று கவுண்டிகளைப் பார்த்துக்கொள்கிறது. அதே கட்டடத்தில் அடுத்த அறையில் மண், நீர்ப் பாதுகாப்பைக் கவனிக்கும் என்ஆர்சிஎஸ் இருக்கும். இரண்டும் ஒரே வேளாண் துறையின் வேறு வேறு ஏஜென்சிகள், வேறு வேறு கோப்புகள். ஓர் அறையில் சொன்னது அடுத்த அறைக்குத் தானாகப் போய்ச் சேர்ந்துவிடும் என்று எண்ண வேண்டாம்.

போன் செய்து நேரம் வாங்கிக்கொண்டு போங்கள். முதல் தடவை நான் கிரயப் பத்திரத்தை மட்டும் தூக்கிக்கொண்டு போய் நின்றேன். பத்திரம் தேவைதான். அதோடு சமூகப் பாதுகாப்பு எண், குடியுரிமை அல்லது கிரீன் கார்டு, வங்கிக் கணக்கு விவரம், குத்தகை ஒப்பந்தம் இவையும் வேண்டும். நிலத்தை எல்எல்சி என்ற கம்பெனி பெயரிலோ டிரஸ்ட் பெயரிலோ வாங்கியிருந்தால் அதன் பத்திரங்களும், அதில் யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற விவரமும் கேட்பார்கள்.

விசாவில் இருப்பவர்கள் மேலே படிப்பதற்கு முன் இதைக் கவனியுங்கள். குடிமகனும் இல்லை, கிரீன் கார்டும் இல்லை என்றால் இந்த மானிய விதிகளின் கண்ணில் நீங்கள் வெளிநாட்டவர். நிலமும் முதலும் போட்டு, கூடவே நீங்களே கணிசமான அளவு வயலில் உடல் உழைப்பும் கொடுத்தால் ஒழியப் பெரும்பாலான திட்டங்களில் பணம் கிடையாது. வாரம் முழுக்க கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருப்பவர் அந்த உழைப்பைக் காட்ட முடியாது. அது போகட்டும், பணம்தானே வராது. இன்னொன்று இருக்கிறது, அதில் நம் பணம் போகும். 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளிநாட்டவர் விவசாய நிலம் வாங்கினால் 90 நாட்களுக்குள் எஃப்எஸ்ஏ-153 என்ற படிவத்தில் அதைத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் நிலத்தின் சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம் போடலாம். எச்-1பி விசாவில் இருந்துகொண்டு 'முதலீடு' என்று நிலம் வாங்கிய இரண்டு பேரிடம் இதைச் சொன்னேன். இருவருமே முதல் முறையாகக் கேள்விப்பட்டார்கள். இது தவிர மாநிலச் சட்டங்கள் தனி. பத்திரம் போடும் முன் அந்த மாநில வக்கீல் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள்.

சரி, தகுதி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆபீஸில் முதலில் வாங்க வேண்டிய காகிதம் 156-ஈஸி. நம் ஊர்ச் சிட்டா மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பண்ணைக்கும் ஓர் எண், அதற்குள் ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண். மொத்தம் எத்தனை ஏக்கர், அதில் உழவு நிலம் எத்தனை, அரிப்புக்கு ஆளாகும் நிலமா, ஈரநிலம் உண்டா, எல்லாம் அந்த ஒரே தாளில் இருக்கும். கூடவே ஒரு வான்படம் தருவார்கள், வயல் எண்கள் போட்டு. மடித்து வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தாளில் நீங்கள் தேட வேண்டிய சொல் 'பேஸ் ஏக்கர்'. புதிதாக வருபவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். ஏஆர்சி, பிஎல்சி என்ற இரண்டு பெரிய திட்டங்களும் இந்த வருடம் என்ன விதைத்தீர்கள் என்று பார்த்துப் பணம் தருவதில்லை. பல ஆண்டுகளுக்கு முன் அந்த நிலத்தில் என்ன விளைந்தது என்ற பதிவை வைத்து, 'இந்தப் பண்ணைக்குக் கோதுமை பேஸ் இத்தனை, சோளம் பேஸ் இத்தனை' என்று முடிவு செய்து வைத்திருக்கிறார்கள். பேஸ் நிலத்தோடு போகும், ஆளோடு போகாது. எங்கள் 118 ஏக்கரில் கோதுமை பேஸ் 90. விலை பேசும்போதே விற்பவரிடம் 156-ஈஸியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்து நிலம், ஒரே மண், ஒன்றில் பேஸ் இருக்கும், ஒன்றில் இருக்காது. 2025 ஜூலையில் வந்த சட்டம் நாடு முழுக்க 3 கோடி ஏக்கர் வரை புதிதாக பேஸ் சேர்க்க இடம் தந்திருக்கிறது. உங்கள் பண்ணைக்கு அதில் ஏதாவது உண்டா என்று கவுண்டரில் கேளுங்கள்.

இங்கே சோளம் என்று நான் சொல்வது நம் சோளமேதான். மைலோ என்கிறார்கள். நாட்டிலேயே அதிகமாக விளைவது கன்சாஸில். மாட்டுக்கும் எத்தனாலுக்கும் போகிறது. சோளத்தில் தோசை வார்க்கலாம் என்று நான் சொன்னபோது பெரியவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார்.

இனி கணக்கு. பிஎல்சி என்பது விலை சரிந்தால் கொடுக்கும் பணம். சட்டத்தில் ஒவ்வொரு பயிருக்கும் ஓர் ஆதார விலை உண்டு. கோதுமைக்குப் புஷலுக்கு (இங்கே தானியம் அளக்கும் அளவு) 5.50 டாலராக இருந்தது, 2025 சட்டம் 6.35 ஆக்கிவிட்டது. ஆதார விலை என்றதும் நம் ஊர் நெல் கொள்முதல் நிலையம் நினைவுக்கு வரும். இங்கே அரசு தானியத்தைத் தொடுவதே இல்லை. நீங்கள் யாருக்கு, என்ன விலைக்கு விற்றீர்கள் என்றும் கேட்பதில்லை. நாடு முழுவதற்குமான அந்த ஆண்டின் சராசரி விலை ஆதார விலைக்குக் கீழே போனால் வித்தியாசத்தை மட்டும் தரும். அதுவும் பேஸ் ஏக்கரில் 85 சதவீதத்துக்கு, உங்கள் விளைச்சலுக்கு இல்லாமல் பண்ணையின் பதிவில் உள்ள விளைச்சலுக்கு.

எங்கள் நிலத்தை வைத்தே போட்டுக் காட்டுகிறேன். கணக்குக்காகச் சராசரி விலை 5.85 என்று எடுத்துக்கொள்வோம். வித்தியாசம் 50 சென்ட். பதிவில் உள்ள விளைச்சல் ஏக்கருக்கு 38 புஷல், ஆக ஏக்கருக்கு 19 டாலர். 90 ஏக்கரில் 85 சதவீதம் 76.5 ஏக்கர். பெருக்கினால் 1,453 டாலர் 50 சென்ட். இதில் பட்ஜெட் வெட்டு என்று 5.7 சதவீதம் போகும். மிச்சம் 1,370 டாலர் 65 சென்ட். நாங்கள் நிலத்தை, விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு எங்களுக்கு என்று வாரத்துக்கு விட்டிருப்பதால் எங்களுக்கு 456 டாலர் 88 சென்ட். 2026 ஜூனில் அறுத்த கோதுமைக்கு இது 2027 அக்டோபருக்குப் பிறகுதான் வரும், ஏனென்றால் கோதுமையின் விற்பனை ஆண்டு 2027 மே வரை ஓடுகிறது. சராசரி விலை 6.35க்கு மேலே நின்றால் ஒரு சென்ட்கூட இல்லை.

டாலஸ் தம்பிகள் இந்த இடத்தில் போனில் கொஞ்சம் மௌனமாகிவிடுவார்கள்.

ஏஆர்சி என்பது விலையையும் விளைச்சலையும் சேர்த்துப் பார்ப்பது. கவுண்டியின் சராசரி வருமானம் முந்தைய ஆண்டுகளின் அளவுக்குக் கீழே விழுந்தால் தரும். ஆலங்கட்டி மழை உங்கள் வயலை மட்டும் அடித்துவிட்டுப் போனால் இதில் ஒன்றும் வராது, கவுண்டியே அடிபட வேண்டும். இரண்டில் ஒன்றைப் பயிர்வாரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2025 பயிருக்கு மட்டும் எது அதிகமோ அதைத் தாங்களே கொடுப்பதாகச் சட்டத்தில் இருக்கிறது. மற்ற ஆண்டுகளில் தேர்வு நம் தலையில். தேர்வு ஒன்று, அந்த ஆண்டுக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்து இன்னொன்று. தேர்ந்தெடுத்துவிட்டுக் கையெழுத்துப் போடாமல் விட்டால் பணம் இல்லை. கடைசித் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும், ஆபீஸின் மின்னஞ்சல் பட்டியலில் பெயர் கொடுத்துவிடுங்கள்.

மேலே வாரம் என்று ஒரு சொல் போட்டேன். நிலத்தை நீங்களே உழாமல் வேறு ஒருவருக்கு விடப் போகிறீர்கள் என்றால் மொத்த விஷயமும் இதில்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் இதைச் சுற்றிப் பத்துப் பக்கம் விதி எழுதியிருக்கிறார்கள். தமிழில் குத்தகை, வாரம் என்ற இரண்டு சொற்கள் போதும். ஏக்கருக்கு இத்தனை டாலர் என்று ரொக்கம் பேசிவிட்டால் அது குத்தகை. மழை பொய்த்தாலும் விலை சரிந்தாலும் உங்கள் ரொக்கம் வந்துவிடும். நஷ்டம் முழுக்கப் பயிர் வைப்பவருக்கு, ஆகவே ஏஆர்சி, பிஎல்சி பணமும் முழுக்க அவருக்கு. விளைச்சலில் பங்கு என்று பேசினால் அது வாரம். நஷ்டத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு, ஆகவே மானியத்திலும் அதே விகிதத்தில் பங்கு உண்டு. வயலில் இறங்காத நில உரிமையாளருக்கும் வாரம் விட்டிருந்தால் அந்தப் பங்கு கிடைக்கும்.

எங்கள் பக்கத்தில் உரிமையாளருக்கு ஒரு பங்கு, பயிர் வைப்பவருக்கு இரண்டு பங்கு என்பது பழைய வழக்கம். உரச் செலவிலும் நாங்கள் மூன்றில் ஒன்று கொடுக்கிறோம். நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்றால் ரொக்கக் குத்தகையே நல்லது, மானியத்தை மறந்துவிடுங்கள். ரொக்கமும் வாங்கிக்கொண்டு, ஆபீஸில் வாரம் என்று எழுதி மானியத்திலும் பங்கு வாங்கும் யோசனை யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அது பொய்யான உறுதிமொழி. அரசுக்குக் கொடுக்கும் பொய்யான உறுதிமொழி கிரிமினல் குற்றம்.

ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள். இங்கே கை குலுக்கி முடித்துக்கொள்வார்கள். பெரியவருக்கும் எனக்கும் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் போனது. அவர் வாக்கு மாறுபவர் இல்லை. ஆனாலும் பங்கு விகிதத்தைக் கவுண்டரில் கேட்டபோது என் வாயிலிருந்து ஒன்றும் அவர் வாயிலிருந்து ஒன்றுமாக வந்தது. வெளியே வந்து பிக்கப் வண்டியின் பானட்டில் வைத்து ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். அதுதான் இன்றைக்கும் எங்கள் ஒப்பந்தம்.

படிவங்கள் நாலைந்து. சிசிசி-902 என்பது பண்ணையை யார், எப்படி நடத்துகிறீர்கள் என்ற திட்டம். எல்எல்சி என்றால் உறுப்பினர் விவரத்துக்கு சிசிசி-901. சிசிசி-941 என்பது வருமான உறுதிமொழி. மூன்று ஆண்டுச் சராசரி வருமானம் 9 லட்சம் டாலரைத் தாண்டினால் பெரும்பாலான திட்டங்களில் தகுதி போய்விடும். எந்த மூன்று ஆண்டு என்பதில் ஒரு சின்னக் குழப்பம் உண்டு. 2025ஆம் ஆண்டுத் திட்டத்துக்கு 2021, 2022, 2023ஐப் பார்ப்பார்கள், 2024ஐ விட்டுவிடுவார்கள். 'டாக்டர் குடும்பம், கிடைக்காது' என்று நண்பர்கள் பயமுறுத்தினார்கள். சின்ன ஊர் டாக்டர் சம்பளம் அவர்கள் நினைப்பது மாதிரி இல்லை.

இந்தக் கட்டில் ஒன்றை மட்டும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், அது ஏடி-1026. அரிப்புக்கு ஆளாகும் நிலத்தைப் பாதுகாப்புத் திட்டம் இல்லாமல் உழமாட்டேன், ஈரநிலத்தை வடித்துப் பயிர் வைக்கமாட்டேன் என்று இதில் வாக்குக் கொடுக்கிறீர்கள். 1985ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வரும் நிபந்தனை இது. மீறினால் அந்த வயலுக்கான பணம் மட்டும் போகாது. வேளாண் துறையிடமிருந்து உங்களுக்கு வரும் எல்லாமே நிற்கும், பயிர்க் காப்பீட்டுக்கான மானியம் உட்பட. எனவே புதிதாக ஒரு மேட்டை உடைக்க, ஒரு குட்டையைத் தூர்க்க, ஒரு வாய்க்கால் வெட்ட நினைத்தால் இயந்திரத்தைக் கிளப்பும் முன் ஆபீஸுக்குப் போய் வாருங்கள்.

அடுத்தது அடங்கல். இங்கே அதன் பெயர் எஃப்எஸ்ஏ-578. எந்த வயலில் என்ன பயிர், எத்தனை ஏக்கர், எப்போது விதைத்தது, யாருக்கு எவ்வளவு பங்கு என்று ஒவ்வொரு ஆண்டும் நாமே போய்ச் சொல்ல வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் வந்து எழுதிக்கொள்வார் என்று காத்திருக்க முடியாது. கன்சாஸில் இலையுதிர் காலத்தில் விதைக்கும் கோதுமைக்கு டிசம்பர் 15, வசந்தத்தில் விதைக்கும் சோளம், மக்காச்சோளத்துக்கு ஜூலை 15. பயிர் வைக்காமல் தரிசாகப் போட்டதையும் சொல்ல வேண்டும். மழையால் விதைக்க முடியாமல் போனதையும் சொல்ல வேண்டும்.

முதல் ஆண்டு பயிர் நிலத்துக்குப் பெரியவர் கணக்குக் கொடுத்துவிட்டார். என் பெயரில் இருந்த புல் நிலத்துக்கு நான் கொடுக்கவில்லை. புல் தானே, அது எங்கே போகிறது என்று இருந்துவிட்டேன். ஆகஸ்டில் போன் வந்தது. தாமதமாகவும் வாங்கிக்கொள்வார்கள், ஆனால் வயலைச் சரிபார்க்கும் கட்டணம் நம் தலையில். கட்டினேன்.

இந்த அடங்கலை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல வேறொரு காரணம் இருக்கிறது. திடீர்ப் பணங்கள் வரும்போது இதை வைத்துத்தான் கொடுக்கிறார்கள். 2018இல் சீனாவோடு வரிச் சண்டை வந்து சோளத்தை வாங்க ஆளில்லாமல் போனது. அந்த ஆண்டு நிவாரணத்தில் கோதுமைக்குப் புஷலுக்கு 14 சென்ட், சோளத்துக்கு 86 சென்ட். 2019இல் முறையை மாற்றி ஏக்கருக்கு இவ்வளவு என்று கவுண்டிவாரியாக அறிவித்தார்கள். 2020இல் கோவிட் பணம். 2024 பயிருக்காக 2025இல் கொடுத்ததில் கோதுமைக்கு ஏக்கருக்கு 30.69 டாலர். 2025 டிசம்பரில் இன்னொரு 1,200 கோடி டாலர் அறிவித்தார்கள். இவை எதையும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அறிவிப்பு வந்த பிறகு ஓடிப்போய், 'நானும் விதைத்தேன்' என்றால் பதிவில் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். எந்த ஆண்டும் 'மானியம் இல்லாத வருஷம்' என்று நினைத்து இதை விட்டுவிடாதீர்கள்.

புல் நிலத்துக்கு வருகிறேன். அந்த 36 ஏக்கர் சிஆர்பியில் இருக்கிறது. 1985இல் தொடங்கிய திட்டம். அரிக்கக்கூடிய உழவு நிலத்தில் புல் வளர்த்துப் பத்து முதல் பதினைந்து ஆண்டு அப்படியே விட்டால் அரசு ஆண்டு வாடகை தரும். எங்களுக்கு ஏக்கருக்கு 38 டாலர், ஆக 1,368 டாலர், ஒவ்வொரு அக்டோபரிலும். கோதுமை விலை என்ன ஆனாலும் இது வரும். பயிர் வைப்பவருக்கு இதில் பங்கு இல்லை. எங்கள் 160 ஏக்கரில் நிச்சயமான அரசுப் பணம் இது ஒன்றுதான்.

ஆனால் இது ஒப்பந்தம். விற்றவர் கையெழுத்திட்டு மை காய்வதற்குள் நிலம் எங்களிடம் வந்தது. சிஆர்பி நிலத்தை வாங்குபவர் ஆபீஸில் போய் அந்த ஒப்பந்தத்தைத் தன் பெயருக்கு ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏற்காவிட்டால் ஒப்பந்தம் முறியும், விற்றவர் அதுவரை வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும். கிரயப் பேச்சிலேயே இதைத் தீர்த்து எழுதிவிடுங்கள். நடுவில் முறித்தால் அதுவரை வந்த அத்தனை வாடகையும் வட்டியோடு திரும்பப் போகும், அதற்கு மேல் ஓர் ஆண்டு வாடகையில் 25 சதவீதம் இழப்பீடு வேறு.

ஒரு ஜூன் மாதம் மாலை நடைக்குப் பாதை வேண்டும் என்று மனைவி சொன்னாள். புல்வெட்டும் இயந்திரத்தை டிராக்டரில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். வேலியோரம் வண்டியை நிறுத்திப் பெரியவர் இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். அந்த வயதில் அவர் ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். கன்சாஸில் ஏப்ரல் 15 முதல் ஜூலை 15 வரை பறவைகள் தரையில் கூடு கட்டும் காலம். அந்தப் புல்லில் அப்போது இயந்திரம் இறங்கக் கூடாது. அழகுக்காக வெட்டுவது என்றால் எந்த மாதமும் கூடாது. பத்தடி தள்ளி ஃபெசன்ட் கோழி ஒன்று எழுந்து பறந்தது. இப்போது ரோட்டில் நடக்கிறோம்.

அடுத்த அறைக்காரர்களான என்ஆர்சிஎஸ்ஸிடம் ஈக்விப் என்ற திட்டம் இருக்கிறது. வேலி, தண்ணீர்க் குழாய், காற்றுத் தடுப்பு மரவரிசை, மண் அரிப்புக்கு மேடை, இப்படிப் பல வேலைகளுக்கு 75 சதவீதம் வரை செலவு தரலாம். விவசாயம் தொடங்கிப் பத்து ஆண்டுக்குள் இருப்பவர் போன்ற சில பிரிவினருக்கு 90 சதவீதம் வரை. விதி ஒன்றே ஒன்று: ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் வேலையைத் தொடங்கக் கூடாது. நான் வடக்கு எல்லையில் சிவப்பு சீடர் கன்றுகளை நட்டு முடித்துவிட்டு, போட்டோவும் எடுத்துக்கொண்டு, பெருமையாக அங்கே போனேன். கன்றுகள் நன்றாக இருக்கின்றன என்றார்கள். அவ்வளவுதான்.

பயிர்க் காப்பீடு இந்தக் கட்டடத்திலேயே இல்லை. அதைத் தனியார் ஏஜென்ட் விற்கிறார், பிரீமியத்தில் பெரும்பங்கை அரசு கட்டுகிறது. கோதுமைக்கு செப்டம்பர் 30, சோளத்துக்கு மார்ச் 15, அதற்குள் வாங்க வேண்டும். வாரத்தில் இருக்கும் உரிமையாளர் தன் மூன்றில் ஒரு பங்குக்குத் தனியாகக் காப்பீடு எடுக்க வேண்டும். பயிர் வைப்பவரின் பாலிசி பொதுவாக அவர் பங்கை மட்டும்தான் காக்கும். நிஜமான வறட்சி ஆண்டில் எங்களைக் காப்பாற்றியது இதுதான், மானியம் இல்லை. காப்பீடு விற்கப்படாத பயிர் வைப்பவர்களுக்கு நாப் என்று காப்பீடு மாதிரி ஒன்று எஃப்எஸ்ஏவிலேயே உண்டு. காய்கறி, மூலிகை என்று சின்னதாகத் தொடங்குபவர்கள் கேட்டுப் பாருங்கள்.

ஒரு விஷயத்துக்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். எஃப்எஸ்ஏ கொடுக்கும் பணம் பெயரோடு வெளியாகும். 1995 முதல் யார் எவ்வளவு வாங்கினார்கள் என்பதைக் கவுண்டிவாரியாகத் தேடிப் பார்க்க எண்விரான்மென்டல் வொர்க்கிங் குரூப் என்ற அமைப்பு தளமே வைத்திருக்கிறது. எங்கள் ஊரில் காபிக் கடையில் அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை, ஆனால் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலை வைத்து யாரையும் எடை போடாதீர்கள். வாரத்துக்கு விட்டவர் பெயர் அதில் வரும், குத்தகைக்கு விட்டவர் பெயர் வராது. ஆனால் குத்தகைத் தொகையைப் பேசும்போது மானியத்தையும் மனதில் வைத்துத்தான் பேசியிருப்பார்கள். காப்பீட்டு மானியமோ ஆள் பெயரோடு வெளியாவதே இல்லை. பெரிய பணம் பல இடங்களில் அதுதான்.

ஜனவரியில் 1099-ஜி என்ற தாள் வரும். இந்தப் பணத்துக்கெல்லாம் வருமான வரி உண்டு. கணக்கு எழுதுபவரிடம் விவசாய வருமானம் தெரிந்தவரா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். நகரத்துக் கணக்காளர் ஒருவர் எங்கள் சிஆர்பி பணத்தைப் பார்த்து, இது என்ன என்று என்னிடம் கேட்டார்.

ஏதாவது மறுக்கப்பட்டால் கடிதத்தில் காரணம் எழுதியிருப்பார்கள். மேல்முறையீட்டுக்கு 30 நாள். முதல் படி கவுண்டி கமிட்டி. இது அதிகாரிகள் குழு இல்லை. உள்ளூர் விவசாயிகளே வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் உள்ளூர் விவசாயிகள், மூன்று ஆண்டுப் பதவி. நவம்பரில் வாக்குச்சீட்டு தபாலில் வரும். வாரத்தில் பங்கு இருப்பதால் எனக்கும் வருகிறது. முதல் முறை அதை விளம்பரத் தபால் என்று நினைத்துக் குப்பையில் போட்டேன். அடுத்த முறை பெரியவர் வீட்டுக்கே வந்து, பிரித்துவிட்டாயா என்று கேட்டார். அந்த ஆண்டு அவர் நின்றிருந்தார்.

எங்கள் சிஆர்பி 2027 செப்டம்பர் 30இல் முடிகிறது. மறுபடி விண்ணப்பிப்பதா, உழுவதா, மாடு மேய்க்க விடுவதா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. உழுவதென்றால் அரிப்பு நிலம், ஏடி-1026, பாதுகாப்புத் திட்டம், எல்லாம் முதலிலிருந்து. அடுத்த மாதம் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். இந்த முறை டிராக்டர் கொட்டகையிலேயே இருக்கிறது.